மெத்தையும் தலையணையும் தேரும் முறை
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமன்று, இலக்கணமுமன்று. முதுகுவலியும் தோள்வலியும் உடையார் எத்தகைய மெத்தையிலும் தலையணையிலும் படுத்தல் வேண்டும் என்பதே. சிறு பொருள் என்று இதனை எவரும் இகழாதிருப்பாராக. மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறக்கத்திற் கழிக்கின்றான். அறுபதாண்டு வாழ்ந்தவன் இருபதாண்டு படுக்கையிற் கிடந்தவனேயாவான். இருபதாண்டுக் காலம் தன் உடலைத் தாங்கும் ஒரு பொருளை ஆராயாது வாங்குவது அறிவுடைமை ஆகாது.

நம் குலத்தொழில் நெசவு. தறிக்குழியிற் காலை இறக்கி, முதுகு வளைத்து, கை ஓயாது நாடா ஓட்டிய முன்னோரின் வழிவந்தவர் நாம். ஊரார் படுக்கைக்கெல்லாம் விரிப்பும் போர்வையும் நெய்து கொடுத்த நம்மவர், தம் படுக்கையைப்பற்றி எண்ணுதல் அரிது. இன்று நம்மவரிற் பலர் தறியை விட்டுக் கடையில் நிற்கின்றனர். அலுவலகத்திற் கணிப்பொறியின்முன் அமர்கின்றனர். தொழில் மாறிற்று, முதுகுவலி மாறவில்லை. இது நம்மவர்க்கு மாத்திரம் உரிய துன்பமும் அன்று. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இடுப்புவலியால் வருந்தினர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுரைக்கின்றது.

பழந்தமிழரும் படுக்கையைப் பெரிதும் போற்றினர். அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் என ஐவகைப் பொருள்களை எண்ணிப் பஞ்சசயனம் என்று உரையாசிரியர் கூறுவர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, பாண்டிமாதேவியின் கட்டிலை விரித்துரைக்கின்றது. யானைத் தந்தத்தாற் சிறப்புச் செய்த கட்டில்; அதன்மேல் அன்னத்தின் தூவி பரப்பிய அணை. தமிழிலக்கியம் காட்டும் படுக்கைகளுள் அதனினும் விலை மிக்கது அரிது. ஆயினும் அதன்மேல் இருந்த தேவிக்கு உறக்கமில்லை. அரசன் பாசறையில் இருந்தான் ஆதலின். விலை கொடுத்தால் மெத்தை கிடைக்கும். உறக்கம் கிடைக்கும் என்பது உறுதியன்று. இதனை முதற்கண் நினைவிற் கொள்வோமாக.

முதுகெலும்பின் அமைப்பு

மெத்தையைத் தேரவேண்டுமானால் முதுகை அறிதல் வேண்டும். முதுகெலும்பு என்று நாம் ஒருமையிற் சொல்வது உண்மையிற் பல எலும்புகளின் அடுக்கு. குழவிப் பருவத்தில் 33 துண்டுகளாயிருந்து, வளர்ந்தபின் அடியிலுள்ளவை ஒன்றுகூடுதலால் 26 ஆகின்றது. கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5. அவற்றின்கீழ்க் கூடியமைந்தவை 2. எலும்புக்கும் எலும்புக்கும் இடையே மெத்தென்ற வட்டுகள் உள்ளன. பகலெல்லாம் நிற்றலாலும் இருத்தலாலும் உடற்பாரம் அவ்வட்டுகளை அமுக்கி, அவற்றிலுள்ள நீரை ஓரளவு பிழிந்துவிடுகின்றது. இரவில் நாம் படுத்தபோது பாரம் நீங்க, அவை மீண்டும் நீரை உட்கொண்டு பருக்கின்றன. மாலையில் அளந்த உயரத்தினும் காலையில் அளந்த உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவேனும் மிகுதியாயிருத்தலின் காரணம் இதுவே. படுக்கை என்பது முதுகுக்கு நாள்தோறும் கிடைக்கும் மருந்து என்னலாம்.

பின்னின்று நோக்கின் இவ்வெலும்படுக்கு நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். பக்கத்தில் நின்று நோக்கின், கழுத்தில் உட்குழிந்தும், மேல்முதுகிற் புறம்புடைத்தும், இடுப்பில் மீண்டும் உட்குழிந்தும் தோன்றும். நிற்கும்போதுள்ள இவ்வளைவுகளைப் படுத்தபோதும் கெடாது தாங்குவது எதுவோ அதுவே நல்ல படுக்கை. யாம் இன்று கூறவந்த செய்தி முழுவதும் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கும். இனிக் கூறுவன எல்லாம் இதன் விரிவே.

கடினமா? மென்மையா?

முதுகுவலி என்றவுடன், ‘மெத்தையை எடுத்தெறி, பலகையிற் படு, வெறுந்தரையிற் படு’ என்று அறிவுரை கூறுவார் நம் வீடுகளிற் பலர். வைத்தியரிற் பலரும் முற்காலத்தில் இவ்வாறே கூறிவந்தனர். மல்லாந்து வெறும்பலகையிற் படுத்தவனுக்குத் தோட்பட்டையும் பிட்டமும் பலகையிற் பதிய, இடுப்பு தாங்குவாரின்றி நிற்கின்றது. ஒருக்களித்துப் படுத்தவனுக்கோ தோளும் இடுப்பெலும்பின் முனையும் முழுப்பாரத்தையும் ஏற்கின்றன. மிக மெல்லிய மெத்தையிலோ உடலின் நடுப்பகுதி ஆழ அழுந்தி, தூளியிற் கிடந்தாற்போல் முதுகு வளைகின்றது. இரண்டிடத்தும் தசைகள் இரவெல்லாம் ஓய்வின்றி இழுபடுகின்றன.

ஆராய்ந்து கண்ட உண்மை ஒன்றுண்டு. நெடுநாள் இடுப்புவலியால் வருந்திய 313 பேரை ஸ்பெயின் நாட்டு அறிஞர் தெரிந்தெடுத்து, இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்குக் கடின மெத்தையும் மற்றொரு கூற்றார்க்கு நடுத்தரக் கடின மெத்தையும் கொடுத்து 90 நாள் நோக்கினர். தமக்குக் கிடைத்தது எவ்வகையென்று படுத்தவர்க்குத் தெரிவிக்கவில்லை. மிகக் கடினத்தை 1 என்றும் மிக மென்மையை 10 என்றும் கொள்ளும் அளவையில், கடின மெத்தை 2.3, நடுத்தரம் 5.6. முடிவில், படுக்கையிலிருக்கும்போது உள்ள வலியிலும், எழும்போது உள்ள வலியிலும், அன்றாட வேலைக்கு நேரும் தடையிலும் நடுத்தர மெத்தையிற் படுத்தாரே மிகுந்த குணம் பெற்றனர். இச்செய்தி 2003-ஆம் ஆண்டில் ‘லான்ஸெட்’ என்னும் வைத்திய இதழில் வெளிவந்தது.

ஆயின் பாயிற் படுத்தல் தீதோ எனின், அன்று. பத்தமடைப் பாயிலும், பவானி ஜமக்காளத்திலும் மல்லாந்து படுத்து வலியின்றி எழுவார் அதனை மாற்றவேண்டுவதில்லை. வலியோடு எழுவார், ‘தரைதான் நல்லது’ என்னும் சொல்லுக்கு அஞ்சித் துன்புறவேண்டுவதில்லை என்பதே எம் கருத்து. முழங்கால் வலியுடைய முதியோர்க்குத் தரையில் இருந்து எழுதலே ஒரு தண்டனை. அவர்க்குக் கட்டில் இன்றியமையாதது. கட்டிலின் விளிம்பில் அமர்ந்தால் பாதம் முழுதும் தரையிற் பதியுமாறு அதன் உயரம் இருத்தல் வேண்டும்.

மெத்தையின் வகை

இலவம்பஞ்சு மெத்தை நம் நாட்டு வெம்மைக்கு ஏற்றது, காற்றோட்டமுடையது, எடை குறைந்தது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இப்பஞ்சு வாணிகத்திற் பெயர்பெற்ற ஊர். இதன் குறை, நாளடைவில் பஞ்சு அமுங்கித் திரள் திரளாக ஒதுங்குதல். உடல் அழுந்தும் இடம் பள்ளமாகவும் சுற்றிலும் மேடாகவும் ஆகிவிடும். வெயிலிற் காய வைத்தலும், பஞ்சைப் பிரித்துக் கொட்டி மறுபடி தைத்தலும் இதற்கு மாற்று. இக்காலத்தார் அவ்வழக்கத்தை விட்டமையால், பல வீடுகளில் இலவம்பஞ்சு மெத்தை பெயரளவிலேயே மெத்தையாக உள்ளது.

ரப்பர் கலந்த தேங்காய்நார் மெத்தை சற்றுக் கடினமானது; பருத்த உடலினர்க்குப் பெரிதும் ஏற்கும். அதன்மேல் மெல்லிய நுரை அடுக்கு ஒன்று சேர்ந்திருப்பின் தோளுக்கு நலம். ரப்பர்ப்பாலிற் செய்த மெத்தை உடலுக்கு இசைந்து கொடுத்து மீளும் தன்மையது, விலை மிகுதி. ‘மெமரி ஃபோம்’ என்று விற்கப்படுவது 1966-ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாஸாவுக்காக, விமான இருக்கைகளின் பொருட்டு ஆக்கப்பட்டது. உடற்சூட்டால் இளகி உடலின் வடிவை ஏற்பது அதன் இயல்பு. அவ்வியல்பு காரணமாகவே கோடையில் வெம்மையாகத் தோன்றுதலும் உண்டு. வில்கம்பிச் சுருள் மெத்தையில், சுருள்கள் தனித்தனிப் பையில் அமைந்தவற்றில் ஒருவர் புரண்டால் மற்றவர்க்கு அசைவு குறைவு.

இவற்றுள் எது சிறந்தது என்று எம்மை வினவுவோர் உளர். பொருளின் பெயரால் விடை கூறல் இயலாது. மெலிந்த உடலினர்க்குக் கடினமாகத் தோன்றும் அதே மெத்தை, பருத்தவர்க்கு அழுந்திப் பள்ளமாகும். உறையின்மேல் ‘ஆர்த்தோபீடிக்’ என்று அச்சிட்டிருத்தல் மாத்திரத்தானே அது முதுகுநோய்க்கு மருந்தாகிவிடாது, விலைச்சீட்டும் சான்றாகாது. உம் உடலே உரைகல். அதனை உரைத்துப் பார்க்கும் முறையாவது:

கடைக்குச் செல்லும்போது அம்மெத்தையிற் படுக்கப் போகின்றவரே செல்லுதல் வேண்டும். கையால் அமுக்கிப் பார்த்தலும் ஓரத்தில் அமர்ந்து பார்த்தலும் பயனில. வீட்டில் எவ்வாறு படுப்பீரோ அவ்வாறே பத்துப் பதினைந்து நிமிடம் படுத்தல் வேண்டும். நாணுதற்கு இதில் ஒன்றுமில்லை; கொடுப்பது நம் பணம், வருந்துவது நம் முதுகு. மல்லாந்து படுத்தபோது இடுப்பின் கீழ்க் கையைச் செலுத்துக. கை தடையின்றி ஓடி, மேலும் இடம் மிகுந்திருப்பின் மெத்தை கடினம். கை நுழையவே இடமில்லையாயின் மென்மை. சற்றே உராய்ந்து நுழையுமாயின் ஏற்றது. ஒருக்களித்துப் படுத்தபோது உடன்வந்தவர் பின்னின்று நோக்குக. பிடரி முதல் அடிமுதுகு வரை ஒரே கோடாகத் தோன்றின் கொள்க; இடுப்பு தாழ்ந்தோ தோள் உயர்ந்தோ தோன்றின் தள்ளுக. இருவர் படுக்கும் மெத்தையாயின் இருவரும் ஒருங்கே படுத்துப் பார்த்தல் வேண்டும். ஒருவர் பருத்தும் ஒருவர் மெலிந்தும் இருப்பின், ஒரே கட்டிலில் இரண்டு தனி மெத்தைகளை அருகருகே இடுதல் நன்று. சில வாரம் படுத்துப் பார்த்தபின் திருப்பித் தரலாம் என்னும் உடன்படிக்கை கிடைக்குமாயின், அதனை எழுத்திற் பெறுக.

கட்டிலையும் நோக்குக. நாடா தளர்ந்த கட்டிலில் எவ்வளவு நல்ல மெத்தையை இட்டாலும் அது தொட்டிலேயாகும். புது மெத்தை வாங்குமுன், உள்ள மெத்தையை ஒரு வாரம் தரையில் இட்டுப் படுத்துப் பாருங்கள். வலி குறையுமாயின் குற்றம் கட்டிலினுடையது. ஒரு பலகை வாங்கினால் மெத்தைப் பணம் மிச்சம்.

தலையணை

தலையணை என்னும் பெயர் நம்மைச் சற்றே மயக்குகின்றது. தலையைத் தாங்குவது போலத் தோன்றினும், அது செய்யவேண்டிய பெருந்தொண்டு கழுத்துக்கே. கழுத்துக்கும் மெத்தைக்கும் இடையேயுள்ள வெளியை நிரப்புவதே அதன் வேலை. அவ்வெளி படுக்கும் வகைக்கு ஏற்ப வேறுபடும். ஒருக்களித்துப் படுப்பார்க்குத் தோளின் அகலம் முழுதும் இடைவெளியாதலின், உயர்ந்த, எளிதில் அமுங்காத தலையணை வேண்டும். மல்லாந்து படுப்பார்க்குத் தாழ்ந்தது போதும். மோவாய் மார்பை நோக்கி மடங்குமாயின் உயரம் மிகுதி என்று அறிக. குப்புறப் படுப்பார்க்குக் கழுத்து ஒருபுறம் முறுகியே கிடத்தலின், அவ்வழக்கத்தைச் சிறிது சிறிதாக விடுதல் நன்று; விடமுடியாதார் தலைக்கு மிக மெல்லிய அணையும் வயிற்றின்கீழ் ஒன்றும் இடுக.

தோள் ஒருபோதும் தலையணைமேல் ஏறலாகாது. தோள் மெத்தைக்கு, கழுத்தும் தலையும் தலையணைக்கு. மெத்தை மாறினால் தலையணையும் மாறவேண்டும் என்பதைப் பலர் அறியார். மென்மையான மெத்தையில் தோள் அழுந்துதலால் இடைவெளி குறையும். அப்போது பழைய உயர்ந்த தலையணை கழுத்தை மேல்நோக்கி வளைக்கும். ஆதலின் இரண்டையும் ஒருங்கே தேர்க.

தோள்வலி உடையார்க்கு மேலும் சில. வலிக்கும் தோளின்மேற் படுத்தலாகாது. மறுபுறம் ஒருக்களித்து, மார்போடு ஒரு தலையணையை அணைத்து, வலிக்கும் கையை அதன்மேல் இடுக. மல்லாந்து படுப்பின், முழங்கையின்கீழ் மடித்த துண்டொன்றை வைத்தால் தோள் பின்னோக்கிச் சரியாது. நீரிழிவுடையார்க்குத் தோள் இறுகி அசையாதாகும் நோய் மற்றவரினும் மிகுதியாக வருதலின், கையை உயர்த்த இயலாமை வரவர மிகுமாயின் தலையணையோடு நில்லாது வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். இடுப்புவலி உடையார் ஒருக்களிக்கும்போது முழங்கால்களின் இடையிலும், மல்லாக்கும்போது முழங்காலின் அடியிலும் ஒரு தலையணை இடுக. இச்சிறு செயல் செலவில்லாதது. இன்றிரவே செய்து பார்க்கலாம். எழும்போது மல்லாந்தபடியே நிமிர்ந்தெழாது, ஒருபுறம் திரும்பிக் காலைத் தொங்கவிட்டுக் கையூன்றி எழுக.

தாய்மார்க்கு ஒரு சொல். குழந்தையின் தலை உருண்டையாக அமையவேண்டும் என்று கடுகுத் தலையணை வைப்பது நம் வீட்டு வழக்கம். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தலையணை எதுவும் வேண்டா. சமமான, அழுந்தாத படுக்கையில் மல்லாக்கிடத்துதலே பாதுகாப்பு என்பது இக்காலக் குழந்தை வைத்தியர் கொள்கை. மெத்தென்ற பொருளில் முகம் புதைந்து மூச்சுத் தடைப்படும் அச்சம் உண்மையானது.

வைத்தியரை நாடவேண்டிய குறிகள்

மெத்தையால் எல்லா வலியும் தீரும் என்று யாம் கூறவில்லை. வலி என்றவுடன் நாட்கணக்காகப் படுத்தே கிடத்தலும் தவறு. இயன்ற அளவு நடமாடுதலே முதுகுக்கு நலம். காலில் வலிமை குறைதல், தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்தல், சிறுநீரோ மலமோ அடக்கவியலாமை ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனைக்கு ஓடுக. காய்ச்சலோடு கூடிய முதுகுவலி, காரணமின்றி உடல் மெலிதல், வீழ்ந்தபின் வந்த வலி, இரவில் எவ்வாறு படுத்தும் தணியாத வலி ஆகியவற்றையும் வைத்தியர்க்குக் காட்டுக. நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்டார்க்கு மூன்று மாதத்துக்கு மேலாகக் காலையில் அரைமணிக்கு மேற்பட்ட முதுகிறுக்கம் இருந்து, நடமாட நடமாட அது தளருமாயின், அது மூட்டழற்சியின் குறியாகலாம். ‘மெத்தை சரியில்லை’ என்று காலங் கடத்தலாகாது. தோள்வலியோடு மார்பில் இறுக்கமும் வியர்வையும் தோன்றின் அது இருதயத்தின் அழைப்பாகலாம். ஒரு நொடியும் தாழ்த்தற்க.

நம் கடமை

அன்பர்களே! இறுதியாக நம் குலத்தார்க்கென்றே சில கூற விரும்புகின்றோம். இவை சிலர்க்குக் கசப்பாகலாம். நம் திருமணங்களிற் சீர்வரிசை வரிசையாகச் செல்லும்போது கட்டிலும் மெத்தையும் அவற்றுள் முதன்மையானவை. அம்மெத்தையை யார் தேர்ந்தனர்? மணமகளின் தந்தை தேர்ந்தார், பிறர் வாய்க்கு அஞ்சி, உயரத்தையும் பளபளப்பையும் நோக்கித் தேர்ந்தார், கடனும் பட்டார். அதிற் படுக்கப்போகும் இருவரும் அதனைக் கண்டதில்லை. சீர் என்னும் பெயரால் மெத்தை கேட்பதையே நாம் விட்டொழிக்கவேண்டும். விடும்வரையில், ‘மெத்தையை ஊர்வலத்தில் வைக்கமாட்டோம், மணம் முடிந்தபின் இருவரும் சென்று தம் செலவிற் தேர்ந்துகொள்வர்’ என்று இரு வீட்டாரும் பேசி முடிப்பார்களாக.

அடுத்து, புது மெத்தை வீட்டுக்கு வந்தால் பழையது எங்கே செல்கின்றது? பாட்டியின் அறைக்கு. பள்ளம் விழுந்து, பிள்ளைகள் உழக்கி, நடுவிற் பஞ்சே இல்லாத மெத்தை, வீட்டில் மிகுந்த முதுகுவலி உடையவர்க்கு உரிமையாகின்றது. அவரும் ‘எனக்கு எதற்கப்பா புதிது’ என்பார். அச்சொல்லை நம்பி நாம் அமைதியடைகின்றோம். பத்தாள் உணவுக்கு ஐம்பதாண்டு அடுப்பின்முன் நின்ற முதுகு அது. இராட்டையிற் நூல் சுற்றிய தோள் அது. நல்ல மெத்தை ஒன்றே வாங்க வசதியிருப்பின், அது செல்லவேண்டிய இடம் அவ்வறையே என்பது எம் துணிபு. இரண்டு வாங்க இயலாதார் ஒரு நல்ல தலையணையேனும் அவர்க்கு வாங்குவாராக.

மூன்றாவது, நம் சங்கத்து மாணவர் விடுதி. அங்குள்ள மெத்தைகளிற் சில நம் இளைஞரினும் மூத்தவை. நாள் முழுதும் பைச்சுமை தாங்கிய தோளும், இரவில் வளைந்து படித்த கழுத்தும் உடைய பிள்ளைகள் அவற்றிற் படுக்கின்றனர். ஆட்டைவிழாப் பந்தலுக்கு நாம் செலவிடுவதில் ஒரு பகுதியை இவ்வாண்டு விடுதிப் படுக்கைக்கு ஒதுக்கவேண்டும் என்று நிருவாகக் குழுவினரைப் பணிவுடன் வேண்டுகின்றோம். பந்தல் மூன்று நாளிற் பிரிக்கப்படும். பிள்ளைகளின் முதுகு அவர்தம் ஆயுளளவும் அவரோடு இருப்பது.

பிறர் துயிலுக்கு நூல் நூற்றும் நெய்தும் வாழ்ந்த குலம் நம்முடையது. இன்று வீடு திரும்பியவுடன், உங்கள் படுக்கைக்கு முன்னர் உங்கள் தாயின் படுக்கையைக் கையால் தடவிப் பாருங்கள். நடுவிற் பள்ளம் தட்டுப்படுமாயின், எம் பேச்சில் எஞ்சியவற்றை அப்பள்ளம் உங்களுக்குச் சொல்லும்.